லேப்டாப்புக்குப் பொருந்தும் ரேமைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் அக்காவின் லேப்டாப்புக்கு 8 ஜிபி ரேம் ஒன்று வாங்கினேன். டிடிஆர்3 (ரேமின் ஒரு தலைமுறை), 1600 வேகம், 204 பின் (ஸ்லாட்டைத் தொடும் தங்க நிற முனைகள்). எல்லாம் பழையதோடு ஒத்துப்போனது. ஸ்லாட்டில் வைத்து அழுத்தியதும் இரண்டு பக்கக் கொக்கிகளும் 'டிக்' என்று பூட்டிக்கொண்டன. மூடியைப் போட்டு பவர் பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, கேப்ஸ் லாக் விளக்கு விட்டு விட்டு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. பழைய ஸ்டிக்கைத் திரும்பப் போட்டேன். ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்து லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பழையதில் 'பிசி3எல்' என்று இருந்தது. புதியதில் 'பிசி3'. ஒரு 'எல்' எழுத்துதான் வித்தியாசம்.

'எல்' என்றால் குறைந்த மின்னழுத்தம். சாதாரண டிடிஆர்3 ஓட 1.5 வோல்ட் வேண்டும், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலேயே ஓடும். பின் எண்ணிக்கை ஒன்று, அடியில் இருக்கும் வெட்டும் ஒரே இடத்தில். அதனால் மாட்டும்போது கைக்குத் தப்பு தெரிவதில்லை. 1.35 வோல்ட் மட்டுமே கொடுக்கும் மதர்போர்டில், அதாவது லேப்டாப்பின் முதன்மைச் சர்க்யூட் பலகையில், 1.5 வோல்ட் ஸ்டிக் எழுந்திருக்காது.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். எந்த ரேம் வேண்டும் என்பதை லேப்டாப்பே தன் உள்ளே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பிறகு வாங்குங்கள். 8 ஜிபியா 16 ஜிபியா என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில், குறை ரேமில்தான் இருக்கிறதா?

வழக்கமாகச் செய்யும் வேலையை எல்லாம் திறந்து வையுங்கள். பிரவுசரில் எப்போதும் இருக்கும் அத்தனை டேப்களும் இருக்கட்டும். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். பயன்பாடு 85, 90 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் ரேம் போதவில்லை. 50 சதவீதத்திலேயே நின்றும் லேப்டாப் திணறுகிறது என்றால் ரேம் கூட்டிப் பயனில்லை. பெரும்பாலும் சுழலும் ஹார்டு டிஸ்க்தான் காரணமாக இருக்கும். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பு) போடுங்கள். இந்த ஒரு பரிசோதனையைச் செய்யாமல் ரேமுக்குச் செலவழித்துவிட்டு வருந்துகிறவர்கள் நிறைய.

இன்னொன்று. விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால் சாதாரணப் பதிப்புகளில் 4 ஜிபிக்கு மேல் அதற்குத் தெரியாது. பழைய லேப்டாப் என்றால் இதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மாற்ற முடிகிற லேப்டாப்தானா?

இதை மாடல் பெயரை மட்டும் வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் சிப்கள் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், அதாவது கழற்ற முடியாதபடி பற்றவைக்கப்பட்டிருக்கும். லேப்டாப்பின் விவரப் பட்டியலில் 'எல்பிடிடிஆர்' (மின்சாரம் குறைவாக எடுக்கும் ரேம் வகை) என்று ஆரம்பிக்கும் பெயர், அதாவது எல்பிடிடிஆர்3, எல்பிடிடிஆர்4எக்ஸ், எல்பிடிடிஆர்5 போன்ற ஏதாவது இருந்தால் அநேகமாகக் கதை அங்கேயே முடிந்தது. திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் வரிசை அப்படித்தான். ஆப்பிளில், 2012-இல் வந்த ரெட்டினா இல்லாத மேக்புக் ப்ரோதான் நாமே ரேம் மாற்ற முடிந்த கடைசி மேக்புக். இன்டெலின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசஸர் பொட்டலத்துக்குள்ளேயே போய்விட்டது. அங்கே ஸ்க்ரூடிரைவருக்கு வேலையே இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. எல்பிகேம்2 என்ற புதிய வகையில் எல்பிடிடிஆர் சிப்களே கழற்றக்கூடிய பலகையாக வருகின்றன. மதர்போர்டின்மேல் படுக்கையாக வைத்து ஸ்க்ரூவால் இறுக்குவார்கள். லெனோவோவின் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறை 2024-இல் இதோடு வந்தது. இன்னும் சில மாடல்களில்தான் இருக்கிறது என்றாலும் சால்டருக்கு மாற்றாக இப்படி ஒன்று வந்திருப்பது எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

உங்கள் லேப்டாப் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள, டாஸ்க் மேனேஜரின் அதே மெமரி பக்கத்தில் கீழே 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியைப் பாருங்கள். 'சோடிம்' என்றிருந்தால் கழற்றக்கூடிய ஸ்டிக். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் சால்டர். பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்றும் காட்டும். ஆனால் அந்த எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடாதீர்கள். சால்டர் செய்த சிப்பையும் ஒரு ஸ்லாட்டாக எண்ணிக் காட்டுவது சகஜம். '2-இல் 1 பயன்பாட்டில்' என்று பார்த்துவிட்டு இரண்டு ஸ்டிக் வாங்கி, திறந்தால் உள்ளே இருப்பது ஒரே ஒரு காலி ஸ்லாட். மற்றது போர்டோடு ஒட்டிய ரேம். இது பலருக்கு நடக்கிறது.

அதனால் இரண்டு இடத்தில் உறுதிசெய்யுங்கள். ஒன்று, தயாரிப்பாளர் தரும் சர்வீஸ் மேனுவல். எச்பி, டெல், லெனோவோ மூவருமே பெரும்பாலான மாடல்களுக்குப் பிரித்து மாட்டும் படங்களோடு பிடிஎஃப் ஆகத் தருகிறார்கள். பொதுவான மாடல் பெயரைப் போட்டுத் தேடாமல், லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் முழு எண்ணையோ சீரியல் எண்ணையோ போட்டுத் தேடுங்கள். ஒரே பெயரில் வரும் லேப்டாப்களில் ஒன்று ஸ்லாட்டோடும் இன்னொன்று சால்டரோடும் வரும். இரண்டாவது, முடிந்தால் அடி மூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பது. என்னைக் கேட்டால் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

தலைமுறை: இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண்

லேப்டாப் ரேம் ஸ்டிக்கின் பெயர் சோடிம். டெஸ்க்டாப் ரேமின் நீளத்தில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். இணையத்தில் வாங்கும்போது படத்தில் அளவு தெரியாது. 'சோடிம்' அல்லது 'லேப்டாப்' என்ற சொல் விவரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது தலைமுறை. டிடிஆர்3 சோடிமில் 204 பின்கள், டிடிஆர்4-இல் 260, டிடிஆர்5-இல் 262. மின்னழுத்தம் முறையே 1.5, 1.2, 1.1 வோல்ட். டிடிஆர்3எல் மட்டும் 1.35 என்று மேலே பார்த்தோம். தங்க நிறப் பின்களுக்கு நடுவே ஒரு சிறு வெட்டு இருக்கிறதே, அது ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 உட்காராது. உட்காரவில்லை என்றால் அழுத்திப் பார்க்காதீர்கள்; அந்த வெட்டு அதைத் தடுக்கத்தான் இருக்கிறது.

டிடிஆர்3 காலத்து லேப்டாப் என்றால் பேசாமல் டிடிஆர்3எல் வாங்கிவிடுங்கள். அந்தத் தரப்படி செய்த ஸ்டிக் 1.5 வோல்ட்டிலும் ஓடும், 1.35-இலும் ஓடும். சாதாரண டிடிஆர்3-க்கு அந்த வசதி இல்லை. இன்டெலின் நான்காம் தலைமுறை மொபைல் பிராசஸர்கள் 1.35 வோல்ட்டைத்தான் கேட்கும்.

பிராசஸர் பெயரை வைத்தே தலைமுறையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பாதி நேரம் சரி. மீதி நேரம் அது காலை வாரிவிடும். இன்டெல் ஆறாம் தலைமுறை டிடிஆர்3எல், டிடிஆர்4 இரண்டையும் ஏற்கும். லேப்டாப் தயாரித்தவர் எதைப் போட்டாரோ அதுதான். பன்னிரண்டாம், பதின்மூன்றாம் தலைமுறையிலும் இதே கதை: ஒரே ஐ5, ஒரு லேப்டாப்பில் டிடிஆர்4-ஓடும் இன்னொன்றில் டிடிஆர்5-ஓடும் வரும். ஏஎம்டியில் ரைசன் 7530யு டிடிஆர்4 கேட்கும், ரைசன் 7735எச்எஸ் டிடிஆர்5 கேட்கும். இரண்டுமே '7000 வரிசை' என்றுதான் விற்கப்படுகின்றன. பிராசஸர் எதையெல்லாம் ஏற்கும் என்பது ஒன்று, உங்கள் போர்டில் எந்த ஸ்லாட் இருக்கிறது என்பது வேறு.

லேபிளைப் படிப்போம்

இனி மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ஸ்டிக்கை ஃபோனில் தெளிவாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளில் இப்படி ஒரு வரி இருக்கும்: '8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ-எஸ்ஏ2-11'. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் துண்டு துண்டாகப் படித்தால் எளிது.

'8ஜிபி' கொள்ளளவு. 'பிசி4' என்றால் டிடிஆர்4. பிசி3, பிசி3எல், பிசி5 என்பதையும் இப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். '3200' வேகம். அதன் பின்னால் வரும் 'ஏஏ' அந்த வேகத்துக்கான டைமிங் வகுப்பு. 2400-க்கு 'டி', 2666-க்கு 'வி' என்று இருக்கும். கடைசியில் வருவது பலகையின் வடிவமைப்பு எண். வாங்குவதற்கு அது தேவையில்லை.

நடுவில் இருக்கும் '1ஆர்எக்ஸ்8' கொஞ்சம் கவனிக்க வேண்டிய இடம். '1ஆர்' என்றால் ஒரு ரேங்க் (ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் சிப் தொகுதி), 'எக்ஸ்8' என்றால் ஒவ்வொரு சிப்பும் 8 பிட் அகலம். மொத்த அகலம் 64 பிட் என்பதால் எட்டு சிப்கள் இருக்கும். '1ஆர்எக்ஸ்16' என்றிருந்தால் நான்கு சிப்களே போதும். இந்த இரண்டாவது வகை வேலை செய்யும், ஆனால் எக்ஸ்16 சிப்புக்குள் பேங்க் குழுக்கள் (வேலையைப் பகிர்ந்துகொள்ளும் உட்பகுதிகள்) பாதிதான் என்பதால் அதே வேகம் எழுதியிருந்தாலும் கொஞ்சம் பின்தங்கும். ஒன்றுபோல் விலை இருந்தால் எக்ஸ்8-ஐ எடுங்கள். டிடிஆர்5-இல் 8 ஜிபி ஸ்டிக் என்றால் பெரும்பாலும் எக்ஸ்16-தான். டிடிஆர்5 வாங்குகிறவர்கள் 16 ஜிபியில் ஆரம்பிப்பது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில லேபிள்களில், குறிப்பாகக் கடைகளின் விவரங்களில், 'பிசி4-25600' என்று இருக்கும். குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நொடிக்கு எத்தனை மெகாபைட் என்ற கணக்கு. எட்டால் வகுத்தால் வேகம் வந்துவிடும்: 25600-ஐ எட்டால் வகுத்தால் 3200. பிசி3-12800 என்றால் 1600.

திறக்கவே முடியாத நிலை என்றால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் எஸ்பிடி பக்கம் ஸ்லாட் வாரியாகத் தயாரிப்பாளர், பார்ட் நம்பர், ரேங்க் எல்லாம் காட்டும். அதில் மெமரி பக்கத்தில் வேகம் பாதியாகத் தெரியும். 3200 ரேமுக்கு 1600 என்று காட்டும். ரேம் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் போவதுதான் டிடிஆர், அந்தத் துடிப்பை அது காட்டுகிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு டெர்மினலில் டிஎம்ஐடிகோட் என்ற கட்டளை இதே வேலையைச் செய்யும்.

பார்ட் நம்பரும் பேசும். கிங்ஸ்டனின் 'கேவிஆர்32எஸ்22எஸ்8/8' என்பதில் 32 என்றால் 3200, எஸ் என்றால் சோடிம், 22 லேட்டன்சி (கேட்ட தகவல் வர ஆகும் தாமதம்), எஸ்8 ஒற்றை ரேங்க் எக்ஸ்8, கடைசி 8 கொள்ளளவு. சாம்சங்கில் 'எம்471ஏ' என்று ஆரம்பித்தால் லேப்டாப்புக்கான டிடிஆர்4, 'எம்378ஏ' என்றால் டெஸ்க்டாப்புக்கானது. விற்பவர் போட்ட தலைப்பைவிட ஸ்டிக்கின் படத்தில் தெரியும் இந்த எண்ணை நம்புங்கள்.

வேகம்

இதில் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். பிராசஸரும் போர்டும் எந்த வேகத்தை ஏற்குமோ அதற்கு மேல் ரேம் ஓடாது. ஐ5-8250யு டிடிஆர்4-ஐ 2400 வரைதான் ஏற்கும். அதில் 3200 ஸ்டிக் போட்டால் 2400-இல் ஓடும், கெடுதல் இல்லை. ஐ5-10210யு என்றால் 2666, ஐ5-1135ஜி7 என்றால் 3200. இரண்டு ஸ்டிக்கில் ஒன்று மெதுவானது என்றால் இரண்டுமே மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும். ஆகவே பழையதற்குச் சமமாகவோ மேலாகவோ வாங்குங்கள், கீழே போகாதீர்கள்.

ஒரு இடத்தில் மட்டும் எச்சரிக்கை. எக்ஸ்எம்பி (தர வேகத்தைத் தாண்டி ஓட்டுவதற்கான அமைப்பு) வேகத்தைப் பெரிதாக எழுதி விற்கும் ரேம்கள் உண்டு. பெரும்பாலான லேப்டாப்களின் பயாஸில் (லேப்டாப்பைத் தொடங்கி வைக்கும் உள் மென்பொருள்) எக்ஸ்எம்பியை இயக்கும் வசதியே கிடையாது. அப்போது அந்த ஸ்டிக் தன் அடிப்படை வேகத்துக்கு, சில சமயம் 2133 அல்லது 2400-க்கு, இறங்கிவிடும். சாதாரண ஜெடெக் (ரேம் தரங்களை வகுக்கும் அமைப்பு) தர ஸ்டிக்தான் லேப்டாப்புக்கு ஏற்றது: டிடிஆர்4-இல் 1.2 வோல்ட், 3200, லேட்டன்சி 22, டிடிஆர்5-இல் 1.1 வோல்ட், 4800-க்கு 40, 5600-க்கு 46. அதே மாதிரி 'இசிசி' (பிழையைத் தானே திருத்தும் ரேம்) என்று எழுதியதை வொர்க்ஸ்டேஷன் லேப்டாப் வைத்திருப்பவர் தவிர மற்றவர்கள் தொட வேண்டாம்.

எத்தனை ஜிபி, ஒன்றா இரண்டா?

இப்போதுதான் அந்தக் கேள்விக்கு வருகிறோம். முதலில் உச்ச வரம்பு. லேப்டாப் விவரப் பட்டியலில் ஒரு எண், பிராசஸருக்கான இன்டெல் அல்லது ஏஎம்டி பக்கத்தில் ஒரு எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. லேப்டாப் பட்டியலில் இருப்பது குறைவாக இருந்தால், அந்த லேப்டாப் வந்த காலத்தில் அவ்வளவு பெரிய ஸ்டிக் சந்தையில் இல்லாததால்கூட அப்படி எழுதியிருக்கலாம். ஆனால் அதைத் தாண்டி வாங்குவதென்றால் திருப்பிக் கொடுக்க முடிகிற இடத்தில் வாங்குங்கள். ஒரு ஸ்லாட்டுக்கு எவ்வளவு என்பதும் முக்கியம். இன்டெல் நான்காம் தலைமுறையில் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபிதான். 16 ஜிபி டிடிஆர்3எல் ஒற்றை ஸ்டிக் அங்கே ஏறாது. டிடிஆர்5-இல் 24, 48 ஜிபி ஸ்டிக்குகள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு பயாஸ் அப்டேட் தேவைப்படலாம்.

ஒரே 16-ஆ, இரண்டு 8-ஆ? இரண்டு ஸ்லாட் இருந்தால் இரண்டையும் நிரப்புங்கள் என்பதுதான் என் பதில். டிடிஆர்4-3200 ஒரு ஸ்டிக் நொடிக்கு 25.6 ஜிபி தகவலைத் தரும். இரண்டு ஸ்டிக் இரண்டு சேனலாக (பிராசஸருக்குத் தகவல் போகும் தனித்தனிப் பாதைகளாக) ஓடினால் 51.2. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் படம் வரைவதும் இதே ரேமை வைத்துத்தான். அங்கே டூயல் சேனலின் வித்தியாசம் விளையாட்டுகளில் கண்ணுக்கே தெரியும். பின்னாளில் 32-க்குப் போவது உறுதி என்று தெரிந்தவர்கள் மட்டும் இப்போதைக்கு ஒரே 16 போட்டுக் காத்திருக்கலாம். இன்டெல் என்100 போன்ற ஒரே சேனல் பிராசஸரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

8 ஜிபி சால்டர், ஒரு காலி ஸ்லாட் என்பது இப்போது மிகவும் பரவலான அமைப்பு. அதில் 8 போட்டால் முழு 16-உம் டூயல் சேனலில் ஓடும். 16 போட்டால் மொத்தம் 24. அதில் 16 ஜிபி இரண்டு சேனலிலும் மீதி 8 ஒரு சேனலிலும் ஓடும். நான் யோசிக்காமல் 16 போடுவேன். இடம் போதாமல் எஸ்எஸ்டிக்குப் போய் வருவதைவிட ஒற்றைச் சேனல் எவ்வளவோ வேகம்.

வேறு வேறு நிறுவன ஸ்டிக்குகளைச் சேர்க்கலாமா என்றால், தலைமுறை, மின்னழுத்தம், வேகம் ஒத்திருந்தால் பெரும்பாலும் ஓடும். இரண்டையும் புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் ஒரே ஜோடியாக வாங்குங்கள், அவ்வளவுதான். என்ன வாங்குவது என்று முடிவு செய்த பிறகு ஒரு சரிபார்ப்பாக, கிங்ஸ்டன் போன்ற நிறுவனங்களின் தளத்தில் உங்கள் மாடலைக் கொடுத்து அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் மாறினால், வாங்குவதற்கு முன் மேனுவலைத் திரும்பப் படியுங்கள்.

மாட்டுவது

லேப்டாப்பை முழுவதுமாக ஷட்டவுன் செய்யுங்கள். ஸ்லீப்பில் விட்டுவிட்டுத் திறக்க வேண்டாம். சார்ஜரைக் கழற்றுங்கள். அடி மூடியின் ஸ்க்ரூக்கள் ஒரே நீளமாக இருக்காது, ஒன்றிரண்டு ரப்பர் கால்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் அந்தந்த ஸ்க்ரூவை வைத்தால் திரும்பப் போடும்போது குழப்பம் வராது. மூடியை நெம்ப உலோகம் வேண்டாம், பிளாஸ்டிக் அட்டை போதும்.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. அப்புறம் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். வர்ணம் பூசாத உலோகம் எதையாவது தொட்டு உடம்பின் நிலை மின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்டிக்கின் இரு பக்கக் கொக்கிகளையும் வெளிப்பக்கமாக விரித்தால் அது தானாகச் சாய்ந்து எழும். புதியதை ஓரத்தில் பிடித்து, தங்கப் பின்களைத் தொடாமல், வெட்டைப் பொருத்தி, சாய்வாக உள்ளே தள்ளுங்கள். பின்கள் அநேகமாக மறையும் வரை உள்ளே போக வேண்டும். போகாமலேயே கீழே அழுத்தினால் கொக்கி பூட்டிக்கொள்ளும், ஆனால் இணைப்பு இருக்காது. 'புது ரேம் வேலை செய்யவில்லை' என்ற புகார்களில் நிறைய இங்கேதான் முடிகின்றன.

முதல் முறை ஆன் செய்யும்போது, குறிப்பாக டிடிஆர்5-இல், திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். புது ரேமோடு தன்னைப் பழக்கிக்கொள்ள பயாஸ் எடுக்கும் நேரம் அது. அவசரப்பட்டு ஆஃப் செய்யாதீர்கள். வந்ததும் டாஸ்க் மேனேஜரில் மொத்த அளவும் வேகமும் சரியா என்று பாருங்கள். 16 போட்டு 15.8 அல்லது 13.9 என்று காட்டினால் தவறில்லை. கிராஃபிக்ஸுக்காக ஒதுக்கியது கழிந்திருக்கிறது.

மூடியின் ஸ்க்ரூக்களை இறுக்கும் முன், மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஒரு பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கி, இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் பிழை பூஜ்யம் என்றால் வேலை முடிந்தது. ஒரே ஒரு பிழை வந்திருந்தாலும் விடாதீர்கள். ஒரு ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்து ஓட்டுங்கள், பிறகு மாற்றி ஓட்டுங்கள். பிழை ஸ்டிக்கோடு சேர்ந்து நகர்ந்தால் அந்த ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுங்கள். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் அதே ஸ்லாட்டில்தான் வருகிறது என்றால் ஸ்லாட்டையும் பின்களையும் மென்மையான பிரஷ்ஷால் துடைத்து இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் வந்தால் அது மதர்போர்டு வேலை.